ஒரு நாளைக்கு இரண்டு விமானம் வரும் ஊரில் ட்ரோன் விட ஏன் இவ்வளவு கெடுபிடி?

கேள்வி கேட்டவருக்கு இருக்கும் அதே எரிச்சல் எனக்கும் உண்டு. கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம், நான் அங்கேதான் பிழைக்க வேண்டும்.

2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம். அங்கே தரையிலிருந்து ஒரு அடி எழும்பினாலும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். முன்பு இந்த மஞ்சள் வளையம் 45 கிலோமீட்டர் வரை இருந்தது, அதை 12 ஆகக் குறைத்தார்கள்; 8-ஐத் தாண்டி 12 வரை, 200 அடிக்கு மேலே போனால்தான் அனுமதி வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் மீனம்பாக்கத்துக்கும் அதே 8, எங்கள் ஊருக்கும் அதே 8!

போன வருஷம் ஒரு கல்யாணம். மண்டபம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், ஏழு கிலோமீட்டர் தள்ளி. பெண்ணின் அப்பா வாசலில் நின்ற பனைமரத்தைக் காட்டி, "தம்பி, இந்த உயரத்துக்குக் கூட விடக்கூடாதா? இது மேல எந்த பிளேன் வந்து மோதிச்சு?" என்றார். சட்டத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ட்ரோனே இல்லாமல் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன் என்ற சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தரையிறங்கும் விமானம் பொதுவாக மூன்று டிகிரி சரிவில் வரும். கணக்குப் போட்டால், 8 கிலோமீட்டர் தொலைவில் அது சுமார் 1,400 அடி உயரத்தில் இருக்கும். அதுவும் ஓடுபாதை நீளும் திசையில்தான். பக்கவாட்டில் ஏழு கிலோமீட்டர் தள்ளி, நூறு அடியில் அதற்கு என்ன வேலை?

அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரெண்டு பிளேன்தானே, டைம் தெரியும்" என்று நானும் பேசிக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் காலையில் வயலில் நின்று லொகேஷன் பார்க்கும்போது, எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு பயிற்சி விமானம் தென்னந்தோப்புக்கு மேலே தாழ்வாகத் திரும்பியது. சக்கரம் கண்ணுக்குத் தெரிந்தது. கையில் ரிமோட் இல்லாததை நினைத்து நிம்மதியாக இருந்தது.

ஆக, என் கோபம் அந்த வட்டத்தின் மேல்தான். அமெரிக்காவில் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத பல சின்ன விமான நிலையங்களைச் சுற்றி, விமானங்களுக்கு இடைஞ்சல் செய்யாதவரை, ட்ரோனுக்கு முன் அனுமதியே தேவையில்லை. கட்டுப்பாடு உள்ள இடங்களில் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இங்கே 100 அடி, அங்கே 200 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்துக்குள் என்றால் செயலியில் கேட்ட சில நொடிகளில் அனுமதி வந்துவிடும். அப்படி ஒன்று இங்கே வந்தால் போதும்.

அதுவரை என் வழி இதுதான்: அட்வான்ஸ் வாங்கும் முன்பே மண்டபத்தின் லொகேஷனை வாங்கி, ட்ரோன் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுவேன். 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் விழுந்தால் 200 அடி வரை பச்சை மண்டலம், அனுமதி தேவையில்லை. அந்தப் பெரியவர் இரண்டாவது பெண்ணுக்கு மண்டபம் பிடிக்கும் முன் எனக்குத்தான் போன் செய்தார். "தம்பி, இது எட்டுக்கு வெளியில வருதா பாரு."