விரலை கவ்வுற அந்த கிளிப்பு

கேள்வி: கொரோனா நேரத்துல வாங்கின ஆக்ஸிமீட்டர் இன்னும் வீட்ல கிடக்கு. ஊசி குத்தாம, ரத்தம் எடுக்காம ரத்தத்துல ஆக்சிஜன் 98 சதவீதம்னு காட்டுதே, எப்படிங்க? (வாசகி, தேனி)

பதில்: பிரிச்சு பாத்தா ஏமாந்துடுவீங்க, ஒரு பக்கம் ரெண்டு குட்டி எல்இடி, எதிர்பக்கம் வெளிச்சத்தை கரண்டா மாத்துற சிலிக்கான் டையோடு ஒண்ணு, கணக்கு போட ஒரு சிப்பு, அவ்ளோதான். ஒரு எல்இடி சிவப்பு, 660 நானோமீட்டர். இன்னொண்ணு அகச்சிவப்பு, 940, நம்ம கண்ணுக்கு தெரியாது. ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்கிறது ஹீமோகுளோபின், நூத்துக்கு எத்தனை பங்கு அதை ஏத்தியிருக்குங்கறதுதான் அந்த 98. ஆக்சிஜனை ஏத்திக்கிட்ட ஹீமோகுளோபின் சிவப்பை விட்டுட்டு அகச்சிவப்பை அதிகமா உறிஞ்சும், இறக்கி வெச்சதுன்னா தலைகீழ்.

சரி, தோலு எலும்பு நகம் எல்லாமே வெளிச்சத்தை உறிஞ்சுமே, இதயத்துலேர்ந்து ஆக்சிஜனோட வர்ற தமனி ரத்தத்தை மட்டும் எப்படி பிரிக்கிறது? இதுக்கு வழி சொன்னவரு ஜப்பான்ல நிஹான் கோடன் கம்பெனி இன்ஜினியர் டக்குவோ அவோயாகி. 1970கள் தொடக்கத்துல அவரு ஆக்சிஜனை தேடவே இல்ல, ரத்தத்துல சாயம் ஏத்தி, காதுல வெளிச்சம் விட்டு, இதயம் எவ்ளோ ரத்தம் தள்ளுதுனு அளந்துட்டு இருந்தாரு, நாடித்துடிப்பு நடுவுல புகுந்து கிராஃபை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. அகச்சிவப்பை வெச்சு அந்த ஆட்டத்தை கழிச்சு பாத்தாரு, ஆனா ஆக்சிஜன் குறைஞ்சா கழித்தல் தப்பி ஆட்டம் திரும்ப வந்துடுது. அடடே, துடிக்கிறது தமனி ரத்தம்தானே, அப்போ துடிக்கிற பங்கை மட்டும் ரெண்டு நிறத்துலயும் ஒப்பிட்டா ஆக்சிஜன் கிடைச்சுடுமே! தொல்லைனு தூக்கிப்போட பாத்ததுதான் கருவியாவே ஆச்சு. அவரு இறந்தது 2020 ஏப்ரல்ல, உலகமே இந்த கிளிப்பை தேடி அலைஞ்ச நேரம்.

கேள்வி: செல்போன் ஆப்லயே ஆக்சிஜன் பாக்கலாம்னு தம்பி சொல்றான், நம்பலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நாடித்துடிப்பு எண்ணலாம், அது ஓகே. ஆனா போன் ஃபிளாஷ் வெள்ளை வெளிச்சம், அதுல 940 கிடையாது, கேமராவும் பொதுவா அகச்சிவப்பை ஃபில்டர் போட்டு தடுத்துடும். ஆப் காட்டுற நம்பரை நம்பி மூச்சுத்திணறலோட வீட்லயே உக்காந்திருக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க.

கேள்வி: எங்க வீட்ல எல்லாரும் நல்ல கறுப்பு. கருவி தப்பா காட்டுமா? (வாசகி, ராமநாதபுரம்)

பதில்: காட்டலாம், அதுவும் இருக்கிறதைவிட கூட்டி காட்டும், அதான் வம்பு. 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல, கிளிப்பு 92லேர்ந்து 96னு காட்டினப்போ ரத்தம் எடுத்து பாத்தா நிஜத்துல 88க்கும் கீழ இருந்தது வெள்ளைக்கார நோயாளிகள்ல 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகள்ல 11.7 சதவீதம். அதனால ஒரு நம்பரை மட்டும் பாக்காம, உடம்பு நல்லா இருக்கும்போது எவ்ளோ காட்டுதுனு குறிச்சு வெச்சுக்கிட்டு அதுலேர்ந்து இறங்குதானு பாருங்க. கரியடுப்பு புகையில மயங்கினவங்களுக்கு இதை மாட்டி நல்லா இருக்காங்கனு விட்டுடாதீங்க, கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்தையும் இது ஆக்சிஜன்னே எண்ணிக்கும். மத்தபடி கறுப்பு, நீல நெயில் பாலிஷ் இருந்தா துடைச்சுட்டு, விரல் ஜில்லுனு இருந்தா தேய்ச்சு சூடாக்கிட்டு மாட்டுங்க.