கேள்வி-பதில்: பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார்?

கேள்வி: ஜாஸ் கேட்கச் சொல்லி எழுதுகிறீர்கள், சரி. சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் பிடிக்கிறது. ஆனால் பேஸ் வாசிப்பவரை எதற்கு மேதை என்கிறீர்கள்? பின்னால் நின்று ‘டும் டும்’ என்று தாளம் போடுவதில் என்ன மேதைமை? அவர் தனியாக வாசிக்கும் இடம் வந்தால் தள்ளிவிட்டுவிடுகிறேன்.
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: எதில் கேட்கிறீர்கள்? செல்போன் ஸ்பீக்கரில் என்றால், நீங்கள் இன்னும் பேஸைக் கேட்கவே இல்லை. ஜாஸில் பேஸ் என்றால் பெரும்பாலும் டபுள் பேஸ், ஆளுயர வயலின் மாதிரியான கருவி. அதன் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதைத் தர அந்தக் குட்டி ஸ்பீக்கரால் ஆகாது. முதலில் ஒரு நல்ல ஹெட்போன் தேடுங்கள்.

அப்புறம், அவர் வெறுமனே தாளம் போடவில்லை. மோகனத்தின் ஸ, க, ப, த நான்கையும் பியானோ சேர்த்துப் பிடிக்கிறது என்று வையுங்கள். பேஸ் கீழே ‘ஸ’ வைத்தால் நிறைவாக இருக்கும். ‘த’ வைத்தால் அதே நான்கு ஸ்வரமும் சோகமாகிவிடும். பியானோக்காரர் விரலைக்கூட அசைக்கவில்லை! பாருக்கு (நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு) நான்கு ஸ்வரம் என்று பேஸ் நடந்துகொண்டே இருக்கும்போது, ஒவ்வொரு அடியிலும் பேஸ்காரர் இப்படி ஒரு முடிவு எடுக்கிறார்.

உங்கள் பாலக்காட்டுப் பக்கம் பஞ்சாரி மேளத்தில் முன்வரிசை உருட்டுச் செண்டைகளைத்தான் கூட்டம் பார்க்கும். பின்வரிசை வீக்கன் செண்டைகள் காலம் பிசகினால் மேளமே கலைந்துவிடும். ஜாஸில் அந்தப் பொறுப்போடு ஸ்வரத்தின் பொறுப்பும் ஒரே ஆள் தலையில்.

1959-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தில் முதல் பாட்டு ‘ஸோ வாட்’. அதில் பல்லவியை எடுப்பதே பேஸ்தான். பியானோவும் ஊதுகருவிகளும் இரண்டே கார்டில் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) அதற்குப் பதில் சொல்கின்றன. வாசித்தவர் பால் சேம்பர்ஸ், அப்போது வயது 23. பாட்டின் சட்டகம் மிக எளிது: 16 பார் ஓரிடத்தில், 8 பார் அரை ஸ்வரம் மேலே, மறுபடி 8 பார் பழைய இடம். இதையே ஒன்பது நிமிடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். டேவிஸ் நிறுத்தி நிறுத்தி ஊதுகிறார் அல்லவா? அந்த இடைவெளிகளில் சேம்பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறுகிறார், இறங்குகிறார், ஒரே ஸ்வரத்தில் நின்று தட்டுகிறார். எங்கும் அவசரமில்லை, ஓரிடத்திலும் தொய்வில்லை. என்னைக் கேட்டால், டேவிஸ் அவ்வளவு நிதானமாக ஊத முடிந்ததே இவர் கீழே இருந்ததால்தான்.

இதற்கு நேர்மாறானவர் ஸ்காட் லஃபாரோ. பியானோ கலைஞர் பில் எவன்ஸ் குழுவின் ‘ஆட்டம் லீவ்ஸ்’ பதிவில் அவர் துணைக்கு நிற்பதில்லை. பியானோ ஒரு வரி சொன்னால் குறுக்கே புகுந்து தன் வரியைச் சொல்கிறார். 1961 ஜூன் 25-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் இந்தக் குழு வாசித்ததும் பதிவாகியிருக்கிறது. 11 நாள் கழித்து கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார், வயது 25.

தனி வாசிப்பைத் தள்ளிவிடுவது உங்கள் விருப்பம். அதற்கு முன், மற்றவர்கள் வாசிக்கும்போது பேஸை மட்டும் விடாமல் பின்தொடர்ந்து ‘ஸோ வாட்’டை ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள், பேசலாம்.