பதிவேடு எழுதுகிறவர்

அன்புள்ள ஐயா,

வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ஒரு சேவைப் பிரிவில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். புகார் வந்தால் முதலில் பதிவேட்டில் எழுத வேண்டும், பிறகு கணினியில் ஏற்ற வேண்டும், பிறகு அதையே பழுதுபார்க்கும் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒரே விஷயம் மூன்று தடவை. ஒரே படிவத்தில் முடித்துவிடலாம் என்று இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து 32 ஸ்லைடு தயாரித்து வாராந்திரக் கூட்டத்தில் பேசினேன். மேலாளர் “நல்லா இருக்கு, பார்க்கலாம்” என்றார். ஐந்து மாதமாகிறது, ஒன்றும் நடக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த ஊழியர் வேறு அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புது யோசனைக்கு அலுவலகத்தில் இடமே கிடையாதா? ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

ஸ்லைடுகளை முழுதாகப் பார்த்தேன். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி மேலாளரைப் பற்றியது இல்லை. அந்த மூத்த ஊழியரைப் பற்றியது. அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

உங்கள் ஏழாவது ஸ்லைடின் தலைப்பு ‘இப்போதைய முறையின் 9 குறைகள்’. அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார், இல்லையா? பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டவரே அவராகக்கூட இருக்கலாம். நீங்கள் முறையைப் பற்றிப் பேசினீர்கள். அவருக்கு அது இத்தனை வருட வேலைக்கு எல்லார் முன்னாலும் போட்ட மதிப்பெண்ணாகக் கேட்டிருக்கும்.

ஸ்டீவ் சாஸனே இதில் சறுக்கியவர்தான். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் இளம் பொறியாளராக இருந்தபோது டிஜிட்டல் கேமரா செய்தவர். மூன்றரை கிலோவுக்கு மேல் எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி. அதை நிறுவனத்துக்குள் பல குழுக்களுக்கு இயக்கிக் காட்டினார். அந்த விளக்கத்துக்கு வைத்த தலைப்பு ‘ஃபிலிம் இல்லாத புகைப்படம்’. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களோ ஃபிலிம் விற்கும் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்! எதிராளி மனதை யோசிக்காமல் வைத்த தலைப்பு என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். கோடாக் அந்தக் கேமராவைக் கிடப்பில் போட்டதற்குத் தலைப்பு மட்டும் காரணமில்லை, வியாபாரக் கணக்கும் இருந்தது. ஆனாலும் முதல் வரியிலேயே எதிரில் இருப்பவர் வயிற்றில் கை வைத்தால் அப்புறம் அவர் எதைக் கேட்பார்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். டெலிவரி நோட் மூன்று பிரதி போடுவோம். மூன்றாவது, மஞ்சள் தாள், ஒரு அட்டைப்பெட்டிக்குள் போகும். யாரும் அதை எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. வீண் என்று கூட்டத்தில் சொன்னேன், உங்களைப் போலவே புள்ளிவிவரத்தோடு. கிடங்குப் பொறுப்பாளர் அங்கே வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் என்னைக் கூட்டிப்போய் அந்தப் பெட்டியைத் திறந்து மஞ்சள் தாள்களைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில் குறிப்புகள்: ‘2 பெட்டி நனைந்தது’, ‘1 குறைவு’, பக்கத்தில் ஓட்டுநரின் சுருக்கொப்பம். சரக்கு சேதம் என்று தகராறு வந்தால் எங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி அதுதான். நான் வீண் என்றது இதைத்தான். அவர் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது என் மேல் இருந்த கருணை.

அதனால் முதலில் பதிவேடு எழுதுகிறவரிடம் போங்கள். யோசனையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். “இதில் எந்தக் கட்டம் உங்களுக்கு உபயோகப்படுகிறது, எது தொல்லை?” என்று கேளுங்கள். கணினியில் இல்லாத ஏதோ ஒன்று அந்த ஏட்டின் ஓரத்தில் எழுதியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஜப்பானிய அலுவலகங்களில் இப்படி முன்கூட்டியே ஆளாளாகப் பேசி வைப்பதற்கு நெமவாஷி என்று பெயர். மரத்தை இடம் மாற்றுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைப் பக்குவப்படுத்துவதிலிருந்து வந்த சொல். நம்மில் சிலர் இதைக் காக்காய் பிடிப்பது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூட்டத்தில் நூறு பேர் கேட்டாலும் வராத தகவல் இப்படி உட்கார்ந்து பேசினால் வரும்.

அப்புறம் மேலாளர். உங்கள் ஸ்லைடுகளில் கேட்டிருப்பது முழு மாற்றத்துக்கு அனுமதி. சரி என்றால் நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். “பார்க்கலாம்” என்றுதான் சொல்வார். அவர் இடத்தில் நானும் அதையே சொல்வேன். சின்னதாகக் கேளுங்கள்: ஒரே ஒரு மேஜை, இரண்டு வாரம், பதிவேடும் பக்கத்திலேயே ஓடட்டும், சரிவரவில்லை என்றால் நானே எடுத்துவிடுகிறேன். அதற்கு முன்னால் இருபது புகார்களுக்கு மூன்று இடத்திலும் எழுத எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நேர விரயம்’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஒரு இடத்தில்கூட நிமிடக் கணக்கு இல்லை. மேலாளர் தன் மேலாளருக்கு அப்படியே அனுப்பக்கூடிய அரைப் பக்கமாக அதை எழுதிக் கொடுங்கள்.

கையில் கொடுத்துப் பார்ப்பதன் பலம் தனி. மஞ்சள் ஒட்டுத்தாளை 3எம் நிறுவனம் 1977-இல் சில நகரங்களில் விற்றுப் பார்த்தபோது போணியாகவில்லை. மறுவருடம் பாய்சி என்ற ஊரில் அலுவலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஒட்டிப் பார்த்தவர்கள் திரும்பக் கேட்டார்கள். 1980-இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது.

இவ்வளவும் செய்து நடக்காமல் போகலாம். சில இடங்களில் எதுவும் நகராது, அங்கே ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டுவது உடம்புக்கு ஆகாது. நடந்தால், பெயர் மேலாளருக்குப் போகவும் வாய்ப்பிருக்கிறது. முதல் தடவை விட்டுவிடுங்கள். அந்த அரைப் பக்கத்தை அனுப்பிய மின்னஞ்சலைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள், அது வேறு.

மூத்தவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்பீர்கள். ஏழாவது ஸ்லைடுக்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்கலாம். மடிக்கணினியை உங்கள் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.