தண்ணீரைச் சோதிப்பது

வணக்கம் ஐயா,

நான் அவிநாசி பக்கம் ஒரு கிராமத்துக்காரி. வயது 34. எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு 11 வருடமாகப் பொதுச் சுகாதார ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இப்போது சீனியர் மாலிக்குலர் பயாலஜிஸ்ட். பெயர்தான் பெரிது, வெறும் டெஸ்ட் செய்கிற வேலை. காலையில் மாதிரிகள் வரும். பிரித்து அடுக்கி, ஆர்.என்.ஏ. என்கிற மரபுப்பொருளை எடுத்து, மிஷினில் ஏற்றி, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன். பன்றிக்காய்ச்சலானாலும் கொரோனாவானாலும் அதே 40 சுற்று. என்னோடு படித்தவள் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. வெறும் கூலி வேலை மாதிரி இருக்கிறது. விசேஷங்களில் சொந்தக்காரர்கள் "ரத்தம் எடுக்கற வேலைதானுங்களே?" என்று கேட்கும்போது அழுகை வருகிறது.

போன வாரம் ஒரு ரன்னில் நெகட்டிவ் கண்ட்ரோலில் 37ஆவது சுற்றில் லேசாக ஒரு கோடு எழுந்தது. மொத்தப் பிளேட்டையும் ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். வீட்டுக்குப் போக இரவு 11 ஆனது. ரிப்போர்ட் தாமதம் என்று மேலே இருப்பவர் எல்லோர் முன்னாலும் திட்டினார். வெறும் ஒரு கோட்டுக்காக இவ்வளவா என்று கேட்டார். அடுத்த முறை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேனோ என்று தோன்றுகிறது.

இந்த வயதில் வேலையை விட்டுவிட்டுப் பிஎச்.டி. சேரலாமா? தமிழில் அறிவியல் எழுதவும் ஆசை. எங்கே தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

போன மாதம் ஊர் வீட்டைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் தகரப் பெட்டியில் அவருடைய லாக்டோமீட்டர் கிடைத்தது, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கருவி. பழைய வேட்டித் துணியில் சுற்றி, உடையாமல் இருந்தது. அன்றிலிருந்து என் மேஜைமேல்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

அப்பா வெள்ளக்கோவில் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தார். எண்பதுகளின் தொடக்கம். விடியற்காலை 5 மணிக்கெல்லாம் தூக்குப்போசிகளோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். லாந்தர் வெளிச்சம், எருமைப்பால் வாசம், மார்கழியில் வாயிலிருந்து புகை. அப்பா முதலில் யார் பாலையும் தொடமாட்டார். ஒரு குவளையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அதில் லாக்டோமீட்டரை விடுவார். அது மேல்நுனிப் பூஜ்யம் வரைக்கும் முங்கி நிற்க வேண்டும். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் முதல் போசி.

தினமும் ஏன் அதைச் செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும். "தண்ணியத் தண்ணின்னு சொல்லுதான்னு மொதல்ல பாக்கோணும் சாமி. அது தெரியாத கருவி பாலப் பத்தி என்ன சொன்னாலும் கேக்கப்படாது" என்றார்.

நீங்கள் நெகட்டிவ் கண்ட்ரோல் என்கிறீர்களே, அது வேறென்ன அம்மிணி?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். க. செய்கிற டெஸ்ட்டின் பெயர் பி.சி.ஆர். ஒரு துளி மரபுப்பொருளைச் சுற்றுக்கு ஒருமுறை இரட்டித்து இரட்டித்துப் பெருக்குகிற முறை. 1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்தார், 1993இல் நோபல் பரிசு பெற்றார். ஒன்றை நாற்பது முறை இரட்டித்துப் பாருங்கள், ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் மூக்கில் விட்ட பஞ்சுக்குச்சியில் ஒட்டிய கொஞ்சூண்டு வைரஸும் மிஷின் திரையில் கண்ணுக்குத் தெரிகிற கோடாக எழுகிறது. அந்தப் பலத்திலேயேதான் ஆபத்தும் இருக்கிறது. நேற்றைய டியூபிலிருந்து ஒரு தூசு இன்றைய டியூபில் விழுந்தாலும் அதுவும் ஒரு லட்சம் கோடியாகும். நோயே இல்லாதவருக்கு நோய் என்று ரிப்போர்ட் போகும். ஆகவே டெஸ்ட்டுக்கான ரசாயனக் கலவை தயாரிக்க ஒரு அறை, மாதிரியைக் கையாள ஒரு அறை, மிஷினுக்கு ஒரு அறை. அங்கே போட்ட மேலங்கியோடு இங்கே வரக்கூடாது. ஓடி முடிந்த டியூபைத் திறக்கவே கூடாது. இத்தனைக்கும் மேலே மாதிரிகளை வைக்கிற தட்டின் 96 குழிகளில் ஒன்றில் நோயாளியின் மாதிரிக்குப் பதிலாகச் சுத்தமான தண்ணீரை வைப்பார்கள். அதுதான் நெகட்டிவ் கண்ட்ரோல். அதில் கோடு எழவே கூடாது. எழுந்தால் அந்தத் தட்டிலுள்ள ஒரு பாசிட்டிவையும் நம்பக் கூடாது.

க. அதைப் பார்த்தார். லேசான கோடு, அதுவும் 37ஆவது சுற்றில். அரைக்கண்ணால் பார்த்தால் இல்லாதது போலத்தான் இருந்திருக்கும். மொத்தத் தட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். தன் கடிதத்தில் இதற்கு அவர் கொடுத்திருக்கும் இடம் ஒரு சின்னப் பத்தி. ஜெர்மனித் தோழிக்கும் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்த கண்ணீரில் ஒரு சொட்டு இதற்கு இல்லை.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். "வெறும்" என்ற சொல் உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. வெறும் டெஸ்ட், வெறும் கூலி வேலை, வெறும் ஒரு கோடு. கடைசியது உங்கள் அதிகாரி சொன்னது, முதல் இரண்டும் நீங்களே சொன்னவை. நீங்கள் முதலில் "வெறும்" என்று சொன்னதால்தான் அவருக்கும் அதைச் சொல்லத் துணிவு வந்தது. கூலி வேலை என்றும் இழிவாக எழுதாதீர்கள். என் அம்மா கூலிக்குக் களை எடுத்தவர். ஒரு பாத்தியில் ஒரு கோரை மிஞ்சினாலும் திரும்பி நடந்து போய்ப் பிடுங்கிவிட்டு வருவார்.

"எதையும் கண்டுபிடித்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கோவையில் பிளேக் மாரியம்மனைக் கும்பிட்டிருப்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நம் பக்கம் வந்து வந்து போனபோது ஜனங்கள் அவளுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொள்வார்கள். அந்தக் கிருமியை யெர்சின் என்ற விஞ்ஞானி 1894இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்துவிட்டார். உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. குடிசையில் கிடந்த பிள்ளையின் தாய்க்கு என்ன தெரிந்தது? தொட்டால் சுடுகிற காய்ச்சல் பிளேக்கா, வேறெதுவுமா என்று சொல்ல அவள் பக்கத்தில் ஒருவர் இல்லை. கண்டுபிடிப்பு ஹாங்காங்கிலிருந்து அவிநாசிக்கு வந்துசேர உங்களைப் போல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பொய் சொல்லாத ஆளாக இருக்க வேண்டும்.

சரி, என் பெரியப்பன் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். ஊரில் பெரிய மனிதர், நான்கு எருமைகள். அவர் பாலில் கொழுப்பு எப்போதும் ஆறரை சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஒருநாள் லாக்டோமீட்டர் வழக்கம்போல 30இல் நின்றது. ஆனால் பால் போசியின் ஓரத்தில் ஒட்டிய விதம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கொழுப்பு டெஸ்ட் போட்டார். கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடி, துண்டில் சுற்றிக் குலுக்கினால் குப்பி கையைச் சுடும். அப்புறம் கையால் சுற்றுகிற மிஷினில் வைத்துச் சுற்றி, 65 டிகிரி வெந்நீரில் நிறுத்தி எடுத்தால் கழுத்தில் மஞ்சளாகக் கொழுப்பு ஏறி நிற்கும். அன்று 4.1.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாலில் தண்ணீர் விட்டால் லாக்டோமீட்டர் இறங்கிக் காட்டும். ஆடையை எடுத்தால் ஏறிக் காட்டும். ஆடையையும் எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீரையும் விட்டால் ஒன்றை ஒன்று மறைத்து, நல்ல பாலின் எண்ணே வந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்வி போதவில்லை. கொரோனாவின் தொடக்கத்தில் நீங்களும் வைரஸின் ஒரு ஜீனை மட்டும் நம்பாமல் இரண்டாவதையும் பார்த்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்? ஒன்றில் கோடு எழுந்து மற்றதில் எழாதபோது அந்த மாதிரியைத் திரும்ப ஓட்டினீர்கள் அல்லவா? அதே விஷயம்தான்.

அப்பா 4.1ஐ உடனே எழுதிவிடவில்லை. புது அமிலப் பாட்டிலை உடைத்து, வேறு குப்பியில், முதலிலிருந்து போட்டார். வரிசை முழுக்கக் காத்திருந்தது. பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். செக்ரட்டரி உள்ளே வந்து காதோடு ஏதோ சொன்னார். மறுபடியும் 4.1. நோட்டில் எழுதினார். பெரியப்பன் எட்டிப் பார்த்தார். "என்ற பாலுக்கா இந்தக் கணக்கு?" என்றார். அப்பா, "ரெண்டு தடவ பாத்துட்டனுங்ண்ணா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அக்கா கல்யாணத்துக்குப் பெரியப்பன் வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. சொந்தப் பங்காளி இல்லாமல் பந்தக்கால் நட்டோம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஒரு நாள் விட்டுக்குடுத்திருந்தா என்ன?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வெளியே போய்விட்டார். அவருக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் 5 மணிக்கு லாக்டோமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்.

பெரியப்பன் பால் ஊற்ற வருவதை நிறுத்தவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முகம் பார்த்துப் பேசவில்லை, ஆனால் அந்த வரிசையில்தான் நின்றார். பக்கத்து ஊரில் ஒரு தனியார் பால்காரன் அதிக விலை தருகிறேன் என்று கூப்பிட்டும் போகவில்லை. அங்கே அளவு சரியாக இருக்காது என்று யாரிடமோ சொன்னாராம்.

திட்டு வாங்கியதைச் சொல்லிவிட்டு நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன், "அடுத்த முறை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேனோ". அதை எழுதிய கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. விட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். உங்களைப் போன்ற ஆய்வகங்களில்தான் காசநோய்ச் சளியையும் பார்க்கிறார்கள். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்கிற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்று முன்பு வாரக்கணக்கில் வளர்த்துப் பார்த்ததை இப்போது இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். அடங்காது என்று வந்தால் வேறு மருந்து. சில வருடங்களுக்கு முன்புவரை அதில் கானமைசின் ஊசி உண்டு. எங்கள் ஊரில் ஒரு தறிக்காரர் பெருந்துறை சானடோரியத்தில் மருந்து வாங்கிப் பிழைத்தார், ஆனால் அந்த ஊசியால் காது போய்விட்டது. அவருக்கு நோய் நிஜமாகவே இருந்தது, மருந்தும் தேவையாக இருந்தது. இல்லாத ஒருவருக்கு, ஒரு தூசினால், ஒரு கையெழுத்தினால் அது நடந்தால்? அவர் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். உங்கள் மேல் வழக்குப் போடமாட்டார். தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு மாத்திரையைப் போடுவார்.

அதனால் பயப்படுங்கள், ஆனால் திட்டு வாங்குவதற்குப் பயப்படாதீர்கள். தாமதத்துக்குக் காரணத்தை அந்த ரன்னின் பதிவேட்டில் எழுதி, நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்து "திரும்பப் பார்க்கிறோம், இத்தனை மணிக்குத் தருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டுங்கள். நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் திட்டிய அந்த அதிகாரி செய்தது தவறு. அவரும் எங்கிருந்தோ திட்டு வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பார், ஆனாலும் தவறுதான்.

ரத்தம் எடுக்கிற வேலையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ரத்தம் எடுப்பதும் நல்ல வேலைதான். தமிழில் எழுத எங்கே தொடங்குவது என்றால், அந்த 37ஆவது சுற்றில் தொடங்குங்கள்.

பிஎச்.டி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். 34 ஒன்றும் வயதே இல்லை. உள்ளே ஒரு கேள்வி இருந்து அது தூங்கவிடாமல் செய்தால் போங்கள். தோழியின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தால் வேண்டாம். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை. இரவு 11 மணிக்கு முடிந்த அந்த இரண்டாவது ரன்னில் தண்ணீர் எப்படி இருந்தது? முதல் ரன்னில் பாசிட்டிவ் என்று வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதில் நெகட்டிவ் ஆனார்கள்? தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. எழுதுங்கள்.