வெண்ணெய்: உப்பு போட்டதா, போடாததா?

பலகாரக் காலம் வந்தாலே வெண்ணெய்க் கேள்விகள் குவியும். இந்த முறை கிருஷ்ணகிரி, தர்மபுரி இரு மாவட்டங்களிலிருந்தும் வந்தவற்றில் முக்கால்வாசி, மஞ்சள் பாக்கெட்டா வெள்ளைப் பாக்கெட்டா என்ற குழப்பம்தான். சிலவற்றுக்கு விரிவாகவும், சிலவற்றுக்கு ஒரு வரியிலும் பதில் தருகிறேன்.

கேள்வி: வீட்டில் நாலு பேர். காலையில் பிள்ளைகளுக்கு பிரெட், மாதம் ஒருமுறை நெய் உருக்குவேன், எப்போதாவது கேக் செய்வேன். கடையில் உப்பு வெண்ணெய், உப்பில்லா வெண்ணெய் இரண்டும் அரைக் கிலோ பாக்கெட்டில் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க வேண்டுமென்றால் எதை வாங்க? (வாசகி, பழையபேட்டை, கிருஷ்ணகிரி)

உப்பில்லாததை வாங்குங்கள். நீங்கள் சொன்ன மூன்று வேலைகளில் இரண்டுக்கு அதுதான் சரி. மூன்றாவதான பிரெட்டுக்கும் அது போதும். தடவியபின் மேலே துளி உப்புத்தூள் தூவினால் பிள்ளைகள் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இதை நீங்களே முடிவு செய்துவிடலாம். டேபிள் பட்டர் என்று விற்கப்படும் வெண்ணெயில் பால்கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 16 சதவீதத்தையும் உப்பு 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இது. கடைக்கு வரும் உப்பு வெண்ணெயில் பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டி உப்பு இருக்கும். அரைக் கிலோவுக்குப் பத்து கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். பிரெட்டில் தடவும்போது அது ருசி. நெய் உருக்கினாலோ, கேரட் அல்வாவில் போட்டாலோ, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பருப்புச் சோற்றில் விட்டாலோ அது தொந்தரவு. அந்த வயதுக் குழந்தைக்குத் தனியாக உப்பே சேர்க்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உப்பு வெண்ணெயின் பளிச் மஞ்சள் பல நிறுவனங்களில் அனாட்டோ என்ற விதையிலிருந்து எடுத்த சாயம். லேபிளில் 160பி என்று எண் போட்டிருப்பார்கள். எருமைப்பால் வெண்ணெய் இயல்பிலேயே வெள்ளை, பசும்பால் வெண்ணெய் இளமஞ்சள். மஞ்சள் கூடினால் சத்தும் கூடும் என்பது கடைக்காரர் கட்டிவிட்ட கதை.

தினமும் பிரெட் தின்னும் வீடென்றால், உப்பு வெண்ணெயில் 100 கிராம் பாக்கெட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ வேண்டியதில்லை.

கேள்வி: தெரியாமல் உப்பு வெண்ணெய் ஒரு கிலோ வாங்கிவிட்டேன். உருக்கினால் நெய் உப்புக் கரிக்குமா? (தர்மபுரி)

பெரிதாகக் கரிக்காது. உப்பு கொழுப்பில் கரையாது. வெண்ணெயில் இருக்கும் தண்ணீரில்தான் கரைந்திருக்கும். தண்ணீர் சுண்டியதும் உப்பு அடியில் கசண்டோடு தங்கிவிடும். சிறுதீயில் உருக்கி, இறக்கியபின் கலக்காமல் தெளியவிட்டு, மேலாக மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நெய் நன்றாகவே இருக்கும். நஷ்டம் கசண்டில்தான். வழக்கமாக அதில் சர்க்கரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம், சோறு போட்டுப் பிசைவோம். இந்தக் கசண்டை வாயில் வைக்க முடியாது.

உருக்கும் பழக்கம் உள்ளவர்கள் எல்லோருக்கும் உதவும் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ வெண்ணெயில் கொழுப்பு சுமார் 800 கிராம். நெய் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் நெய் 910 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். ஆக ஒரு கிலோ வெண்ணெயிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 880 மில்லி. கசண்டோடும் பாத்திரத்தோடும் போவது தனி. கணக்குக்காக வெண்ணெய் கிலோ 550 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டர் நெய் 625 ரூபாய்க்கு வந்து நிற்கிறது, கேஸ் செலவு சேர்க்காமல். வாங்கப் போகும் அன்றைக்கு உள்ள வெண்ணெய் விலையை 0.88-ஆல் வகுத்து, பக்கத்தில் இருக்கும் நெய் பாட்டில் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். வீட்டில் உருக்குவது காசு மிச்சத்துக்கு என்று நான் சொல்ல மாட்டேன். முருங்கைக்கீரை போட்டு இறக்கும் அந்த வாசனைக்காக என்றால் தாராளமாக உருக்குங்கள்.

கேள்வி: நிப்பட்டு (தட்டை) மாவுக்கு எந்த வெண்ணெய்? உப்பு வெண்ணெய் போட்டால் மொறுமொறுப்பு குறையும் என்கிறார் என் நாத்தனார். (காவேரிப்பட்டணம்)

நாத்தனார் சொல்வது சரியில்லை. மொறுமொறுப்பைத் தீர்மானிப்பது கொழுப்பு, உப்பல்ல. ஒரு கிலோ மாவுக்கு 100 கிராம் உப்பு வெண்ணெய் போட்டால் அதோடு இரண்டு கிராம் உப்பும் போகிறது. வழக்கமாகப் போடும் உப்பில் டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் தீர்ந்தது.

கவனிக்க வேண்டியது வேறு. "லைட்" என்று எழுதிய வெண்ணெயையும், "ஃபேட் ஸ்ப்ரெட்" என்று எழுதிய டப்பாவையும் பலகாரத்துக்கு வாங்காதீர்கள். அவற்றில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். மாவு இளகும், எண்ணெயில் போட்டதும் படபடவென்று தெறிக்கும். நல்ல வெண்ணெயாக இருந்தாலும் அளவு கூடினால் நிப்பட்டு எண்ணெயிலேயே பிரிந்துபோகும். அதனால் முதலில் ஒன்றைத் தட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு மீதி மாவைப் பிசைவது நல்லது.

கேள்வி: கேக் குறிப்பில் உப்பில்லா வெண்ணெய் என்று போட்டிருக்கிறது. வீட்டில் உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது. பரவாயில்லையா? (ஓசூர்)

கேக்குக்குப் பரவாயில்லை. 200 கிராம் வெண்ணெயில் சுமார் நாலு கிராம் உப்பு இருக்கும். குறிப்பில் தனியாகச் சொல்லியிருக்கும் உப்பை விட்டுவிடுங்கள். மேலே பூசும் பட்டர் கிரீமுக்கு மட்டும் கூடாது. அங்கே வெண்ணெயும் சர்க்கரையும்தான் எல்லாமே, அடுப்பில் வேகப்போவதும் இல்லை. முதல் வாயிலேயே உப்பு தெரிந்துவிடும்.

ஓசூரில் பேக்கரிச் சாமான் கடைகள் உண்டு. அங்கே "கேக் பட்டர்" என்று வாய்வார்த்தையில் கேட்டால் மார்ஜரின் கட்டியை எடுத்துத் தர வாய்ப்பிருக்கிறது. அது தாவர எண்ணெயில் செய்தது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். சேர்மானப் பட்டியலில் பால்கொழுப்பு முதலில் இருந்தால் வெண்ணெய், தாவர எண்ணெய் முதலில் இருந்தால் வேறு பொருள். பாக்கெட்டில் மாட்டுப் படம் இருக்கிறதா என்று பார்ப்பதால் பயனில்லை.

கேள்வி: சந்தையில் உருண்டை வெண்ணெய் வாங்குகிறோம். பாக்கெட் வெண்ணெயைவிட அது நல்லதுதானே? (பாலக்கோடு)

நல்லதாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். விற்பவரைத் தெரியுமா என்பதைப் பொறுத்த விஷயம் இது.

ருசியில் அதற்கு நிகர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தயிரைக் கடைந்து எடுத்ததால் லேசான புளிப்பு இருக்கும். சுடச்சுட ராகிக்களியில் குழி பறித்து அதை வைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் போய் உப்பு வெண்ணெயைப் பற்றிப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தண்ணீர். உருண்டையை மோரிலோ தண்ணீரிலோ மிதக்கவிட்டு வைத்திருப்பார்கள், அப்படியே எடுத்துத் தராசில் போடுவார்கள். பிழிந்து வடித்த பிறகு எடை போடச் சொல்லுங்கள். நாட்டு வெண்ணெய்க்கும் கொழுப்பு 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. வீட்டுக்கு வந்து 100 கிராமை உருக்கி, நெய்யை மட்டும் வடித்து எடை போட்டால் குட்டு வெளிப்படும். எழுபதுக்கும் கீழே இறங்கினால் நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு, கலப்படம். மசித்த கிழங்கோ மாவோ சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க, அரை டீஸ்பூன் வெண்ணெயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. டிங்சர் மருந்துக்கடையில் கிடைக்கும். சோதித்த வெண்ணெயைக் கொட்டிவிடுங்கள். வனஸ்பதி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதற்கு ஆய்வகம்தான்.

மூன்று, சுத்தம். காய்ச்சாத பாலை உறைய வைத்துக் கடைந்ததா என்று கேளுங்கள். அப்படியென்றால் உருக்கி நெய்யாக்கிச் சாப்பிடலாம், கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

இந்த மூன்றும் சரியாக இருக்கும் ஒரு வீட்டுக்காரரோ விற்பவரோ கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இரண்டு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு ரத்தக்கொதிப்பு. உப்பு வெண்ணெயை நிறுத்த வேண்டுமா? (அரூர்)

உப்பில்லாததற்கு மாறுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, மாறிவிடுங்கள். ஆனால் பத்து கிராம் உப்பு வெண்ணெயில் இருப்பது 0.2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வெண்ணெயை மாற்றிவிட்டு ஊறுகாயையும் அப்பளத்தையும் அப்படியே வைத்திருந்தால் பிரயோசனமில்லை. வெண்ணெயை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே உப்பைவிடக் கொழுப்புதான் பேச்சாக இருக்கும்.

கேள்வி: தர்மபுரியில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உருகிவிடுகிறது. மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடுமா? உப்பு போட்டது அதிக நாள் தாங்கும் என்கிறார்களே? (பென்னாகரம்)

தாங்கும் என்பது உண்மை. இரண்டு கிராம் உப்பு, 100 கிராம் வெண்ணெய் முழுவதிலும் பரவியிருப்பதாக நினைக்கிறோம். அது இருப்பது அதிலுள்ள 16 கிராம் தண்ணீரில். அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட 11 சதவீத உப்புக் கரைசல். அதில் கிருமிகள் எளிதில் பெருக முடியாது. உப்பில்லா வெண்ணெய்க்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டு வரும் சிக்கு வாடையை உப்பு தடுக்காது.

ஒருமுறை இளகி இறுகினால் கெட்டுப்போகாது, ஆனால் தன்மை மாறும். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியும், பிரெட்டில் சீராகத் தடவ வராது. அதை நெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கடைசியாக வெண்ணெய் வாங்கிவிட்டு நேராக பஸ் ஏறுங்கள். பாக்கெட்டைச் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றி, குளிர்ந்த பால் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்தால் பென்னாகரம் வரை தாங்கும். வீட்டில் உப்பில்லா வெண்ணெயைத் துண்டு போட்டு, மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டிய துண்டை மட்டும் கீழே இறக்கலாம். வெங்காயம், மீன் பக்கத்தில் வேண்டாம், வெண்ணெய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

வாங்கும்போதே கடையில் உருகி இறுகியதா என்று பாருங்கள். பாக்கெட் மூலைகள் மழுங்கி, காகிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் வேறு பாக்கெட் கேளுங்கள். கரண்ட் போன கடையில் அது நடந்திருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் வெண்ணெய்க்கு எம்ஆர்பிக்கு மேல் ஐந்து ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால் "கூலிங் சார்ஜ், ஜிஎஸ்டி" என்கிறார்கள். (ஊத்தங்கரை)

இரண்டுமே செல்லாது. எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி தவறு, குளிர்பதனச் செலவு என்று தனியாக வாங்க வழியில்லை. ஜிஎஸ்டி பற்றிச் சொன்னால் இதையும் சொல்லுங்கள்: வெண்ணெய்க்கும் நெய்க்கும் இருந்த 12 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

ஐந்து ரூபாய்க்காக நுகர்வோர் ஆணையம் வரை போக வேண்டியதில்லை. முதலில் பில் கேளுங்கள். பாதிக் கடைகளில் பில் என்றதுமே ஐந்து ரூபாய் காணாமல் போய்விடும். பில்லில் கூடுதல் தொகையைப் போட்டே கொடுத்தால் இன்னும் வசதி. அதையும் பாக்கெட்டில் எம்ஆர்பி தெரியும் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்டத்தில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை, அங்கே எழுத்திலும் புகார் கொடுக்கலாம். கடையின் பெயர், தேதி, பொருளின் எடை மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.