கமகம் எங்கே போகிறது? ஐபேட் இசையும் கணினிப் பதிவும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐபேடில் வாசிக்கும் சின்த் (செயற்கையாக ஒலி உருவாக்கும்) ஆப்பை மேக்கில் லாஜிக் புரோ என்ற இசைப்பதிவு மென்பொருளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கருவிகளின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டி) வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒரு கேபிள் போதும். ஆனால் அது டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் மேக்குக்கு ஐபேட் தெரியவே தெரியாது.

கேபிளைச் செருகியதும், இந்தக் கணினியை நம்பலாமா என்று ஐபேட் கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். மேக்கில் யுட்டிலிட்டீஸ் ஃபோல்டரில் உள்ள ஆடியோ மிடி செட்அப்பைத் திறந்தால், ஆடியோ டிவைசஸ் பட்டியலில் ஐபேடின் பெயர் இருக்கும். பக்கத்தில் உள்ள எனேபிள் பட்டனை அழுத்துங்கள். அந்த நொடியில் ஐபேட் ஸ்பீக்கர் அடங்கிவிடும். பழுது ஒன்றுமில்லை, ஒலி மேக்குக்குப் போகத் தொடங்கிவிட்டது. லாஜிக்கில் இன்புட் டிவைஸாக ஐபேடையும், அவுட்புட்டாக உங்கள் ஹெட்போனையும் வையுங்கள். புராஜெக்டை 48 கிலோஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஸ்டீரியோ டிராக், இன்புட் 1-2. 2015-ல் ஐஓஎஸ் 9 வந்ததிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

கூடவே இன்டர்ஃபேஸில் மைக் செருகிப் பாடவும் வேண்டுமென்றால், அதே செட்அப்பில் ஒரு அக்ரிகேட் டிவைஸ் (இரு கருவிகளை ஒன்றாகக் காட்டும் அமைப்பு) உருவாக்கி ஐபேடையும் இன்டர்ஃபேஸையும் சேருங்கள். கிளாக் சோர்ஸ், அதாவது மற்றதற்கு நேரம் காட்டும் கடிகாரம், இன்டர்ஃபேஸாக இருக்கட்டும். ஐபேடுக்கு நேரே டிரிஃப்ட் கரெக்‌ஷன் டிக் அவசியம். அதை விட்டுவிட்டால் இரண்டு கடிகாரங்களும் மெல்ல விலகி, சில நிமிடங்களில் டிக், டிக் என்று சத்தம் விழும்.

இந்த வழியில் ஒரே ஒரு ஸ்டீரியோ ஜோடிதான் வரும். தம்புரா, தபலா, சின்த் மூன்றும் தனித்தனி டிராக்காக வேண்டும் என்றால் ஐபேடிலேயே ஏயூஎம் போன்ற மிக்ஸர் ஆப்பில் ஒவ்வொரு சேனலையும் தனி வேவ் ஃபைலாகப் பதிந்து, ஏர்டிராப்பில் அனுப்புங்கள். நேரலையாக அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது இதுவே சிறந்தது.

கேள்வி: விண்டோஸ் லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ். ஐபேடின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து கேபிள் போட்டேன். குரல் நடுவில் காணாமல் போகிறது, ரிவெர்ப் மட்டும் கேட்கிறது. சார்ஜரும் மாட்டினால் ஹம் வேறு.

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. குரல் மறைவதற்குக் காரணம் கேபிள். ஹெட்போன் ஜாக்கின் முனையில் இடது, வளையத்தில் வலது. அதை இரு பக்கமும் டிஆர்எஸ் பின் (முனை, வளையம், உறை என மூன்று தொடர்பு கொண்டது) உள்ள கேபிளால் ஒரே பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால், இன்டர்ஃபேஸ் முனையிலிருந்து வளையத்தைக் கழிக்கும். இரு பக்கமும் சமமாக இருக்கும் குரலும் பேஸும் கழிந்து பூஜ்யமாகிவிடும். ரிவெர்ப் இரு பக்கமும் வேறுபடுவதால் அது மட்டும் மிஞ்சும். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்குங்கள். இன்புட் இரண்டையும் லைன் நிலையில் வையுங்கள், இன்ஸ்ட்ருமென்ட் நிலையில் அல்ல.

ஹம் வருவது கிரவுண்ட் லூப்பால், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகச் சேர்வதால். ஐபேட் லேப்டாப்பிலிருந்தே சார்ஜ் ஆகும்போது இது அதிகம். பதிவு முடியும் வரை பேட்டரியில் ஓட்டுங்கள். முடியாதென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (ஒலியை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) அந்த வளையத்தை அறுத்துவிடும். அதன் அவுட்டை இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டுக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஐபேட் ஆப்பில் விரலை இழுத்துக் கமகம் வாசிக்கிறேன். மிடியாக (ஒலியாக அல்ல, எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்புகளாக) கணினியில் பதிந்து வேறு கருவியில் கேட்டால் கமகமே இல்லை. சுரங்கள் மொட்டை மொட்டையாக விழுகின்றன.

பதில்: இது நம் இசைக்கு மிக முக்கியமான கேள்வி. ஜியோஷ்ரெட் போன்ற ஆப்கள் எம்பிஇ முறையில் அனுப்பக்கூடியவை. இதில் ஒவ்வொரு விரலுக்கும் தனி மிடி சேனல்: 1 பொதுவானது, 2 முதல் 16 வரை சுரங்களுக்கு. பிட்ச் பெண்ட் எல்லை (சுரத்தை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பது) வழக்கமாக 48 அரைச்சுரம். கணினியில் உள்ள சாதாரணக் கருவியோ 2 அரைச்சுரம் என்று வைத்திருக்கும். நீங்கள் சங்கராபரணத்தில் ரி2-விலிருந்து க3-க்கு இழுக்கிறீர்கள், அது 2 அரைச்சுரம். ஆப் அதை 48-ல் 2 பங்கு என்று அனுப்புகிறது. மறுபக்கக் கருவி தன் 2-ல் அந்தப் பங்கை எடுக்கிறது. ஒரு அரைச்சுரத்தில் 12-ல் ஒரு பங்குதான் அசையும், காதுக்கு அநேகமாக எட்டாது. கமகம் பதிவாகாமல் போகவில்லை, நசுங்கிவிட்டது.

எனவே இரு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும். லாஜிக்கில் ஆல்கெமி கருவியின் அமைப்பில் மிடி மோனோ மோட் 'ஆன், காமன் பேஸ் சேனல் 1', பிட்ச் ரேஞ்ச் 48. ஏபிள்டன் லைவ் மென்பொருளில் 11-ஆம் பதிப்பு முதல், மிடி விருப்பங்களில் அந்த இன்புட் போர்ட்டுக்கு எம்பிஇ டிக் செய்யலாம். ரீப்பர் மென்பொருளில் டிராக்கின் இன்புட்டை 'ஆல் சேனல்ஸ்' என்று வையுங்கள். ஒரு சேனல் மட்டும் தேர்ந்தெடுத்தால் பாதி சுரங்கள் வராது.

நீங்கள் விரும்பும் நாகஸ்வர சாம்பிள் எம்பிஇ அறியாததா? ஆப்பை ஒரே சேனலுக்கு மாற்றி, எல்லையை இரு பக்கமும் 12 ஆக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் என்பதால் எதுவும் குறையாது. பதிந்தபின் குவான்டைஸ் செய்வதை (சுரங்களைத் தாளக் கட்டத்துக்கு நகர்த்துவதை) தவிருங்கள். பல மென்பொருள்களில் சுரம் நகரும், வளைவு பழைய இடத்திலேயே நிற்கும். அசைவு சுரத்துக்கு முன்போ பின்போ விழுந்து ராகமே கலைந்துவிடும். மிடியோடு சேர்த்து ஆப்பின் ஒலியையும் ஒரு ஆடியோ டிராக்கில் பதிந்துவிடுங்கள். நல்ல சங்கதி இரண்டாம் முறை அப்படியே வராது.

கேள்வி: ஏபிள்டன் லிங்க் (வைஃபை வழியே கருவிகளின் தாளத்தை ஒத்திசைக்கும் வசதி) போட்டும் ஐபேடும் லேப்டாப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

பதில்: இரண்டும் ஒரே வைஃபையில் உள்ளனவா, அது கெஸ்ட் நெட்வொர்க்காக இல்லையா என்று பாருங்கள், கெஸ்ட் நெட்வொர்க் பெரும்பாலும் கருவிகளை ஒன்றோடொன்று பேச விடாது. ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தேவை. முதலில் கேட்டபோது மறுத்திருந்தால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய்த் திரும்ப இயக்குங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் உங்கள் மென்பொருளுக்குப் பிரைவேட் நெட்வொர்க் அனுமதி கொடுத்து, வீட்டு வைஃபையையும் பிரைவேட் என்றே குறியுங்கள். லிங்க் டெம்போவையும் தாளத்தின் இடத்தையும் மட்டுமே பகிரும். பாட்டின் எந்த நிமிடத்தில் இருக்கிறோம் என்பது அதில் போகாது. பிளே, ஸ்டாப் சேர்ந்து இயங்க, ஸ்டார்ட் ஸ்டாப் சிங்க் என்பதை இரு பக்கமும் தனியாக இயக்க வேண்டும்.