ஆள் பாதி ஆடை பாதி என்றால் குரல் எந்தப் பாதி?

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன சனிக்கிழமை மகளோடு வந்துபோன பிறகு நீங்கள் அனுப்பிய செய்தியை இரண்டு முறை படித்தேன். "பாட்டுத்தான் வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இந்தப் பாப் பாடகர்களிடம் பாட்டைவிடப் பகட்டுதானே அதிகம்? சின்ன வயதிலேயே பேரைக் கெடுத்துக்கொள்கிறார்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழேயே, "குரல் மட்டும் இருந்து என்ன பயன், லுக் வேண்டும் என்று சொல்லி மகள் பாட்டு வகுப்பை நிறுத்தப் பார்க்கிறாள்" என்றும் புலம்பியிருக்கிறீர்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? பகட்டுதான் ஜெயிக்கிறது என்று நீங்கள் இருவருமே நம்புகிறீர்கள். அதனால் உங்களுக்குப் பயம், அவளுக்கு அவசரம்.

நீங்கள் வெளியே காத்திருந்தபோது உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். உங்களிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். ஒரு பாட்டுப் பாடு என்றேன். உடனே ஃபோனை எடுத்து முன்பக்கக் கேமராவில் முடியைச் சரிசெய்தாள். வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "வீடியோ எல்லாம் இல்லை, சும்மா பாடும்மா" என்றேன். கரோக்கி டிராக் வேண்டும் என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். முதல் இரண்டு வரி நன்றாக இருந்தது. ஒப்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக இருந்தது. மூன்றாவது வரியின் பாதியில் மூச்சு தீர்ந்துபோய், கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு நாலாவது வரிக்குத் தாவினாள். மேல் ஸ்தாயிக்குப் போனபோது கழுத்து நரம்பு புடைத்தது. நான் குரலை மட்டும் பதிவு செய்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, "ரீல்ஸில் இது தெரியவே இல்லையே சார்" என்றாள்.

தெரியாதுதான். அரை நிமிஷ வீடியோவுக்கு எந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் மூச்சு போதும். பத்து டேக் எடுத்து நல்லதை மட்டும் ஒட்டலாம். சுருதி விலகினால் மென்பொருள் இழுத்துப் பிடிக்கும். மேடையில் ஒன்றரை மணி நேரம் ஆடிக்கொண்டே பாட வேண்டும். அங்கே ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவளுக்குத் திறமை இருக்கிறது. சாதகம் போதவில்லை. வகுப்பை இப்போது நிறுத்தினால், மூன்றாவது வரியில் தீரும் மூச்சு இருபது வயதிலும் மூன்றாவது வரியில்தான் தீரும். கழுத்தை இறுக்கிப் பாடும் பழக்கத்தையும் இப்போதே மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் குரல் என்பது தேயக்கூடிய தசை. புகழின் உச்சியில் இருந்த பிரிட்டிஷ் பாடகி அடெலுக்கு 2011 நவம்பரில், 23 வயதில், குரல்வளையில் அறுவை சிகிச்சை நடந்தது. சுற்றுப்பயணத்தை ரத்து செய்துவிட்டுப் பேசாமல் இருந்தார். 2012 பிப்ரவரியில் மேடைக்குத் திரும்பிய அதே இரவில் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியில் ஆறு வாங்கினார். குரலுக்கு ஓய்வு கொடுப்பதும் தொழிலில் சேர்த்திதான் என்று உங்கள் மகளிடம் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

லுக் மட்டும் போதும் என்று எடுத்த முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு மில்லி வனிலி என்ற பாப் குழுவின் கதையை அவளுக்குச் சொல்லலாம். ராப் பிலாடஸ், ஃபேப் மோர்வன் என்று இரண்டு இளைஞர்கள். அழகாக இருப்பார்கள், பிரமாதமாக ஆடுவார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் இவர்கள் முகத்தை முன்னால் வைத்து, வேறு ஆட்களின் குரலில் ஆல்பம் வெளியிட்டார். 1989இல் ஒரு மேடையில் ஓடிக்கொண்டிருந்த பதிவு சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்ப ஒலித்தது. அதற்குப் பிறகும் 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி கிடைத்தது. அந்த நவம்பரிலேயே பறிபோனது. உலகமே கேலி செய்தது அந்த இரண்டு பேரைத்தான். திட்டம் போட்டவர் தொடர்ந்து தொழில் செய்தார். ராப் பிலாடஸ் 1998இல் இறந்துபோனார். இதில் எனக்கு உறுத்துவது பொய் மட்டுமில்லை. பிம்பத்தைத் தைத்துக் கொடுத்தவர் ஒருவர், அது கிழிந்தபோது வெட்கப்பட்டு நின்றவர்கள் வேறு இருவர். இதை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்து இதற்குத்தான் வரப்போகிறேன்.

அதற்காகப் பிம்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் பாதி ஆடை பாதி என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. மேடையில் நிற்பவரைக் கண்ணும்தான் கேட்கிறது. ஆனால் பிம்பம் என்றால் மினுமினுப்பு மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. ஆஸ்திரேலியப் பாடகி சியா 2014இல் ஆல்பம் வெளியிட்டபோது பெரிய விக்கால் முகத்தை மறைத்துக்கொண்டார். வயது 38. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அது நேராக முதலிடத்துக்குப் போனது. முகத்தைக் காட்டாததே அவருடைய அடையாளம் ஆயிற்று. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தொளதொள உடைகளோடு வந்தார், உடம்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று. அண்ணனின் படுக்கையறையில் பதிவு செய்த ஆல்பத்துக்காக 2020இல், 18 வயதில், கிராமியின் நான்கு முக்கிய விருதுகளையும் ஒரே இரவில் வாங்கினார். இருவருமே தங்களுக்குத் தோதான சட்டையைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தச் சட்டையைக் கழற்றி மாட்டவும் தெரிய வேண்டும். அமெரிக்கப் பாப் பாடகி சாப்பல் ரோனை உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரியும், அன்றைக்கே பேச்சில் வந்தார். அது மேடைப் பெயர். கண்ணைப் பறிக்கும் அந்த ஒப்பனையும் மேடைக்காகத்தான். 2024இல் திடீரென்று புகழ் வந்தபோது, தெருவில் பார்த்தால் ஓடி வந்து தொடாதீர்கள், என் குடும்பத்தைத் துரத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். திமிர் என்றார்கள் சிலர். எனக்கு அது வேலை நேரம் எங்கே முடிகிறது என்று தெரிந்தவரின் பேச்சாகப் பட்டது. இன்னொன்றும் உண்டு. 17 வயதில் ஒரு பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம், 22 வயதில் அதே நிறுவனம் கைகழுவியது, சிறந்த புதுமுகத்துக்கான கிராமி வந்தது 2025இல். புதுமுகம் ஆவதற்குப் பத்து வருஷம்! உங்கள் மகள் மூன்று மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர் வரவில்லை என்று அழுகிறாள்.

சரி, நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ஆடையும் நடத்தையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேடையில் என்ன உடுத்துவது என்று வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயமே இல்லை. நேரத்துக்கு வருகிறாளா, ஒலிப்பதிவாளரிடம் மரியாதையாகப் பேசுகிறாளா, கோபம் வந்தால் ஃபோனைக் கீழே வைக்கத் தெரிகிறதா என்பதுதான் நடத்தை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இப்போது விரலாலும் கெடும். நள்ளிரவில் போட்ட பதிவைக் காலையில் அழித்தாலும் அதற்குள் யாரோ படம் பிடித்து வைத்திருப்பார்கள்.

ஜஸ்டின் பீபரை எல்லோரும் உதாரணம் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். யூடியூப் வீடியோக்களால் வெளிச்சத்துக்கு வந்த பையன், உண்மையான குரல். 2014 ஜனவரியில், 19 வயதில், மியாமி பீச்சில் கார் ஓட்டிய விவகாரத்தில் கைதானார். அதே ஆண்டு, பக்கத்து வீட்டின்மேல் முட்டை எறிந்த வழக்கில் 80,900 டாலர் இழப்பீடு கட்ட நேர்ந்தது. 2016இல் முதல் கிராமி வாங்கினார். பார்த்தீர்களா, திறமை இருந்தால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று உங்கள் மகள் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். 2017 ஜூலையில் பெய்ஜிங் நகரக் கலாசாரத் துறை அவருடைய நடத்தையைக் காரணம் காட்டி, இங்கே நிகழ்ச்சி நடத்த ஏற்றவர் இல்லை என்று அறிவித்தது. அந்த மாதமே தன் உலகச் சுற்றுப்பயணத்தின் மிச்ச நிகழ்ச்சிகளையும் அவர் ரத்து செய்தார். அவ்வளவு பெரிய பேருக்கே இப்படி. பேரே இல்லாதவர் ஒரு ஒத்திகைக்குத் தாமதமாக வந்தால், ரத்து செய்ய அவரிடம் சுற்றுப்பயணம் இருக்காது, அடுத்த அழைப்பு வராது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

இத்தனை வருஷமாக இப்படிப்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தேகம் உறுதியாகிவிட்டது. சின்ன வயதில் புகழ் வந்தவர்கள் தடுக்கி விழுவதற்குக் காரணம் புகழ் மட்டுமில்லை. அவர்களைச் சுற்றியிருக்கும் எல்லோரும் அவர்கள் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவர்கள். மேனேஜர், உதவியாளர், நிறுவனம், சில நேரம் சொந்தக் குடும்பமே. "இன்றைக்கு நிகழ்ச்சி வேண்டாம், தூங்கு" என்று சொன்னால் சொல்கிறவருக்கே நஷ்டம் என்றால் யார் சொல்வார்கள்? மில்லி வனிலி கதையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குடும்பம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற குழந்தை நடிகர் சம்பாதித்ததைப் பெற்றவளும் மாற்றாந்தந்தையும் செலவழித்துத் தீர்த்ததால்தான், கலிபோர்னியா 1939இல் அவர் பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வயது நிரம்பாத கலைஞர்களின் வருமானத்தில் 15 சதவீதம் யாரும் தொட முடியாத கணக்கில் போய்விட வேண்டும் என்பது இன்று அங்கே விதி. பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் பணமும் வாழ்க்கையும் 2008 முதல் 2021 நவம்பர் வரை நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்கள் கையில் இருந்தன; பெரும்பகுதிக் காலம் அதில் முதன்மையாக இருந்தவர் அவருடைய அப்பாதான். அந்த ஆண்டுகளில் பிரிட்னி ஆல்பம் வெளியிட்டார், மேடையேறினார், சம்பாதித்தார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவள் சம்பாதிக்கத் தொடங்கினாலும் நீங்கள் உங்கள் வேலையை விடாதீர்கள். அவளுக்கு மேனேஜர் ஆகாதீர்கள். முதல் வருமானம் அவள் பெயரில் தனிக் கணக்கில் இருக்கட்டும், வீட்டுச் செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். அப்போதுதான் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும், அவளுக்கும் அதைக் கேட்கத் தோன்றும்.

அவளுக்கு யாரோ இன்பாக்ஸில் அனுப்பியிருக்கும் ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாடகியாக்குகிறேன் என்று முன்பணம் கேட்பவர் மேனேஜர் இல்லை. மேனேஜர் என்பவர் கலைஞர் சம்பாதித்த பிறகு அதில் பங்கு எடுப்பவர், வழக்கமாக 15 முதல் 20 சதவீதம். அதைவிட முக்கியம் காலம். ஜோஜோ என்ற அமெரிக்கப் பாடகி 12 வயதில் ஒப்பந்தம் போட்டார், 13 வயதில் முதல் பாட்டே பெரிய வெற்றி. பிறகு நிறுவனத்தோடு இழுபறி, வழக்கு. 2006இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அடுத்தது 2016இல்தான் வந்தது. குரலில் குறையில்லை, நடத்தையில் குறையில்லை, தாளில் இருந்தது குறை. தென்கொரியாவில் பதின்மூன்று வருஷ ஒப்பந்தங்கள் பெரிய சர்ச்சையான பிறகு, அங்குள்ள நியாய வர்த்தக ஆணையம் 2009இல் ஏழு வருஷத்துக்கு மேல் போகாத முன்மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்தது. எத்தனை வருஷம், பதிவுகளின் உரிமை யாருக்கு, எப்படி வெளியே வருவது, இந்த மூன்றையும் ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்லாமல் கையெழுத்து வேண்டாம். அவருடைய கட்டணத்தை நீங்கள் கொடுங்கள், அந்த 'மேனேஜர்' சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம்.

படிப்பை விடுவதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை: விட வேண்டாம். மேடையின் நடுவில் நிற்பது மட்டும் இந்தத் தொழில் இல்லை. கோரஸ் பாடுவது, டெமோ எனும் மாதிரிப் பதிவுக்குப் பாடுவது, பாட்டெழுதுவது, ஒலிப்பதிவு, குரல் பயிற்சி, பேச்சு சிகிச்சை என்று பக்கத்துக் கதவுகள் நிறைய உண்டு. அமெரிக்கப் பாடகி ஷெரில் க்ரோ முதலில் பள்ளியில் இசை ஆசிரியை, அப்புறம் 1980களின் கடைசியில் மைக்கேல் ஜாக்சனின் சுற்றுப்பயணத்தில் பின்னால் நின்று பாடியவர். தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இதைச் சொன்னபோது உங்கள் மகள், "முப்பதா!" என்று கண்ணை விரித்தாள். பதினாறு வயதில் முப்பது என்றால் கிழம்தான், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அவளோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், கையெழுத்து இல்லாமல். ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு வீடியோ மட்டும் போடலாம். ஆனால் அது ஒரே டேக்கில், டிராக் இல்லாமல், முழுப் பாட்டாக இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் பின்னூட்டங்களுக்குப் பதில் இல்லை. பாட்டு வகுப்பு தொடரும். இதில் உங்கள் பங்கு, எத்தனை லைக் வந்தது என்று கேட்காமல் இருப்பது. கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முடிந்தவரை அடக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வரும்போது இன்பாக்ஸில் வந்த அந்த ஒப்பந்தத்தை அச்செடுத்துக் கொண்டு வாருங்கள். மகளிடம் தண்ணீர் பாட்டில் எடுத்துவரச் சொல்லுங்கள். இந்த முறை நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பும் வேலை இல்லை, நிற்க வைத்துத்தான் பாடச் சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்